இருபடிச் சமன்பாடு: அந்த ரெண்டு எண்ணை யூகிக்காமலே கண்டுபிடிப்பது எப்படி?

பத்தாம் வகுப்பு கணக்குத் தேர்வில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இருபடிச் சமன்பாடு. 'பெருக்கினா இது வரணும், கூட்டினா அது வரணும்' என்று தேடித் தேடியே நேரம் ஓடிவிடும். இந்தத் தேடலைச் சுருக்க ஒரு வழி இருக்கிறது. முதலில் அடிப்படையைப் பார்ப்போம்.

வத்தல் களக் கணக்கு

கோவில்பட்டி கரிசல் காட்டில் மிளகாய் வத்தல் காயப்போட ஒரு செவ்வகக் களம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 60 சதுர மீட்டர். நீளம், அகலத்தைவிட 7 மீட்டர் அதிகம். அகலத்தை 'அ' என்று எடுத்தால்:

அ(அ + 7) = 60
அ² + 7அ − 60 = 0

பெருக்கினால் −60, கூட்டினால் 7 தரும் எண்கள் 12, −5. எனவே (அ + 12)(அ − 5) = 0. அ = −12 அல்லது 5. அகலம் மைனஸில் இருக்காது. ஆகவே அகலம் 5 மீட்டர், நீளம் 12 மீட்டர்.

வலப்பக்கம் ஏன் பூஜ்ஜியம்?

இரண்டு எண்களைப் பெருக்கி பூஜ்ஜியம் வந்தால், அதில் ஒன்றாவது பூஜ்ஜியமாக இருந்தே ஆகணும். வேறு எந்த எண்ணுக்கும் இது பொருந்தாது. (அ − 2)(அ − 3) = 12 என்றிருந்தால், அ − 2 = 12 என்று போடுவது தப்பு. விரித்து எழுதி, 12-ஐ இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும்: அ² − 5அ − 6 = 0. விடை 6, −1.

எண்கள் சிக்கவில்லையா?

அ² − 28அ + 187 = 0. கூட்டினால் 28, பெருக்கினால் 187 தரும் எண்கள் எவை? 28-ல் பாதி 14. இரண்டு எண்களும் 14-லிருந்து சம தூரத்தில்தான் இருக்கும். அந்தத் தூரம் 'த' என்றால்:

(14 + த)(14 − த) = 187
196 − த² = 187
த² = 9, த = 3

எண்கள் 17, 11. அவையே விடையும். அவ்வளவுதான்!

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் போ-ஷென் லோ, 2019-ல் இந்த வழியைப் பிரபலமாக்கினார். ஆனால் பாதியிலிருந்து தூரம் பார்க்கும் யோசனை பாபிலோனியர் காலத்திலேயே இருந்தது.

கவனிக்க

* அ²-க்கு முன்னால் வேறு எண் இருந்தால், முதலில் அதால் வகுத்துவிடுங்கள்.
* த² மைனஸில் வந்தால் மெய்யெண் தீர்வே கிடையாது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.
* எண்களைக் கண்டுபிடிக்க மட்டும் இதை ரஃப் வொர்க்கில் போடுங்கள். விடைத்தாளில் புத்தக முறைப்படியே எழுதுங்கள்.
* கிடைத்த விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். பூஜ்ஜியம் வந்தால் சரி.