உரிமம் இருக்கிறது, இருமல் நிற்குமா?

சென்னை மாநகராட்சியின் நாய் உரிமம் தொடர்பான வாசகர் கடிதங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது: “உரிமம் வாங்கியாச்சு, இனி போர்டிங்கில் விட்டால் இருமல் தொற்றாதுதானே?”

தொற்றும். உரிமத்துக்குக் கேட்பது ரேபீஸ் தடுப்பூசிச் சான்றும் மைக்ரோசிப்பும்தான். உரிமம் இல்லாவிட்டால் விதிக்கும் 5,000 ரூபாய் அபராதமும் இவற்றுக்காகத்தான். ரேபீஸ் மனிதரைக் கொல்லும். டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய் நாயைக் கொல்லும். எது அதிகாரிகளின் கவலை என்று விளக்க வேண்டியதில்லை.

‘நைன் இன் ஒன்’ கூட்டுத் தடுப்பூசி போட்டவர்களும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமியின் வகைகளைத் தனித்தனியாக எண்ணித்தான் அந்தக் கணக்கு ஏறுகிறது. மூச்சுப்பாதைக்கு உதவுபவை டிஸ்டம்பர், அடினோவைரஸ், பாரா இன்ஃப்ளூயன்சா ஆகிய மூன்றுக்கான மருந்துகளே. ‘கென்னல் காஃப்’ எனும் இந்தப் போர்டிங் இருமலுக்குப் பேர்போன போர்டெடெல்லா கிருமிக்குப் பெரும்பாலும் தனி மருந்து.

“பிரீடரே ஊசி போட்டுக் கொடுத்தார், பிறகும் டிஸ்டம்பர் வந்துவிட்டது, மருந்து போலியா?” என்றும் கேட்கிறார்கள். போலியாக இருக்க வேண்டியதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியே தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டியின் ரத்தத்தில் சேர்கின்றன. ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். தாய் தந்த காவலுக்கு அதுவும் எதிரிதான். குட்டியின் உடல் அடையாளம் கண்டுகொள்ளும் முன்பே தீர்த்துக்கட்டிவிடும். இந்தக் காவல் வாரத்துக்கு வாரம் தேயும். தேயும் வழியில் ஒரு பொல்லாத கட்டம் உண்டு: தெருவில் வரும் வைரஸைத் தடுக்கப் போதாது, ஊசியைக் கெடுக்க மட்டும் போதும். அது எந்த வாரம் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், ஒரே ஈற்றில் பிறந்தவற்றுக்குள்ளும்.

அதனால்தான் 6–8 வாரத்தில் தொடங்கி 2–4 வார இடைவெளியில், 16 வாரம் தாண்டும்வரை போடச் சொல்கிறது உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கம். தப்பியவற்றைப் பிடிக்க 26-வது வாரத்தில் இன்னொன்று. 12 வாரத்திலேயே ‘முடிந்தது’ என்று முத்திரை குத்திய அட்டையை நான் நம்புவதில்லை. ஊசி போட்டதற்குத்தான் அது சாட்சி, பலித்ததற்கு அல்ல.

மூக்கில் விடும் போர்டெடெல்லா சொட்டு மருந்துக்குத் தாயின் எதிர்ப்பொருளால் வரும் இந்தத் தொல்லை குறைவு. அது மூக்கின் உட்சவ்விலேயே வேலை செய்கிறது. நோயின் கடுமையைக் குறைக்கும், தொற்றை முழுக்கத் தடுக்காது.

போர்டிங்குக்கு முந்தைய நாள் இந்தச் சொட்டு மருந்தைப் போடலாமா? ஒரு வாரமாவது முன்பே போடுங்கள்.

இருமல் நின்றதும் மற்ற நாய்களோடு விடலாமா? கூடாது, அதற்குப் பிறகும் கிருமி வெளியேறும்.

நம் வீட்டு இருமல் சிரப், பாராசிட்டமால்? வேண்டவே வேண்டாம்.

இருமும் நாய்க்குக் கழுத்துப்பட்டை? ஹார்னஸ் போடுங்கள்.

வளர்ந்த நாய்க்கு ஆண்டுதோறும் டிஸ்டம்பர் ஊசி? 3 ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறது அதே சங்கம், எலிக்காய்ச்சலுக்குத்தான் ஆண்டுதோறும்.