வலைக்கதவுக்குள் சோமாசி

தீபாவளி நெருங்கினால் போடிநாயக்கனூர் அடுப்படிகளில் சோமாசிக்கு மாவு பிசையத் தொடங்கிவிடுவார்கள். ஏலக்காய்க்குப் பஞ்சமில்லாத ஊர். எதிரே தெரியும் மலையில் காய் பறிப்பு மும்முரமாக நடக்கும் காலம் அது. பறித்த பச்சைக்காய் எஸ்டேட் ஸ்டோரில் சூடேறி உலரும். நாலைந்து கிலோ ஒரு கிலோவாகச் சுண்டும். பிறகு போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மூட்டை மூட்டையாகக் கீழே வரும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் போடியிலும் கேரளப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது.

பச்சை மாறாத, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்குத்தான் ஏலத்தில் மவுசு. சோமாசிக்கு அந்த அழகெல்லாம் வேண்டாம். நிறம் வெளுத்த சிறு காயே போதும். மணம் விதையில் இருக்கிறது. விதையைத் தனியாக இடித்தால் உலக்கைக்கு அகப்படாது, ஒரு பிடி சர்க்கரை சேர்த்தால் மாவாகிவிடும். தோல் டீக்குப் போகும்.

பொட்டுக்கடலை மாவு, சர்க்கரை, வறுத்த கசகசா, தேங்காய்த் துருவல் சேர்ந்தது பூரணம். மைதாவை அப்பளமாகத் தேய்த்து, நடுவில் பூரணம் வைத்து மடித்து, ஓரத்தைப் பால் தொட்டு ஒட்டி, சோமாசிக் கரண்டியின் பல் சக்கரத்தால் வெட்டுவார்கள். ஒட்டு விட்டுப்போனால் பூரணம் எண்ணெயில் கொட்டிக் கருகும். அதற்குப் பிறகு போடுவதெல்லாம் கரி பூசிக்கொண்டுதான் வரும்.

சுடுவது பாதி வேலை, காப்பது மீதி. சூடாக டின்னில் போட்டு மூடினால் ஆவி உள்ளேயே தங்கி மொறுமொறுப்பு போய்விடும். திறந்து வைத்தால் எறும்பும் பூனையும். இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்துக்கு இடம் கொடுத்தது கம்பிவலைக் கதவு போட்ட மர அலமாரி. பாலும் தயிரும் குழம்புச் சட்டியும் அதில்தான் இருக்கும். நான்கு கால்களுக்கும் அடியில் தண்ணீர் ஊற்றிய கிண்ணம், எறும்பு தாண்டாது.

அமெரிக்கக் கிராமத்து வீடுகளில் 19-ஆம் நூற்றாண்டில் இதே வேலையைச் செய்தது ‘பை சேஃப்’. பழமோ இறைச்சியோ உள்ளே வைத்துச் சுட்ட ‘பை’களை அதில் ஆறவைப்பார்கள். கதவில் கம்பிவலைக்குப் பதிலாக நட்சத்திரம், பூ என்று ஆணியால் துளையிட்ட தகரம். காற்று போகும், ஈயும் எலியும் போகாது. இன்று அது பழம்பொருள் பிரியர்கள் தேடி வாங்கும் சாமான்.

போடிக்கு மேலே, மலையில் கதை வேறு. மழை மாதங்களில் ஏலத்தோட்டக் காற்றில் ஈரம் சொட்டும்; வலை அலமாரியில் விட்ட சோமாசி ஒரே ராத்திரியில் நமுத்துவிடும். அங்கே ஆறிய கையோடு இறுக்கமான டின்தான். கொப்பரைத் துருவலானால் இரண்டு வாரம் தாங்கும். பச்சைத் தேங்காய் என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

ஃப்ரிட்ஜ் வந்ததும் வலை அலமாரிகள் பரணுக்கும் பழைய சாமான் கடைக்கும் போயின. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் தேடினால் அகப்படலாம். வாங்குகிறவர்கள் முதலில் கால்களைப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் தண்ணீரில் நின்ற மரம் அடியில் உளுத்திருக்கும். வலை துருப்பிடித்திருந்தால் பரவாயில்லை, எவர்சில்வர் வலை அடித்துக்கொள்ளலாம். மேலே பெயின்ட் அடித்திருந்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பார்ப்பது நல்லது. அடியில் தேக்கு இருக்கலாம், ஒட்டுப்பலகையும் இருக்கலாம்.