சூடு நகர்த்தும் ஈரம்

1915. அமெரிக்காவின் மிச்சிகன் வேளாண் கல்லூரியில் ஜார்ஜ் பூயூகோஸ் என்ற மண்ணியலாளர், குழாய்களில் சீரான ஈரமுள்ள மண்ணை நிரப்பி ஒரு பாதியைச் சூடாகவும் மறுபாதியைக் குளிர்ச்சியாகவும் வைத்திருந்தார். சூடான பக்கத்து ஈரம் குளிர்ந்த பக்கம் போய்ச் சேர்ந்தது. நன்றாக நனைந்த மண்ணில் கொஞ்சம்தான் நகர்ந்தது. காய்ந்த மண்ணிலும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே, அரைகுறை ஈரத்தில்தான் நகர்வு உச்சத்தைத் தொட்டது.

சூட்டுக்கும் நகர்வுக்குமான தொடர்பு எளிது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 40 டிகிரியில் சுமார் 51 கிராம். மண்ணின் துளைகளில் உள்ள காற்று பெரும்பாலும் ஈரத்தால் நிறைந்தே இருப்பதால், ஆவி மிகுந்த சூடான பக்கத்திலிருந்து அது குறைந்த பக்கத்துக்கு நீராவி பரவுகிறது. ஆனால் இதை வைத்துக் கணக்கிட்டால் வரும் அளவைவிட, சோதனைகளில் பல மடங்கு ஈரம் நகர்ந்தது.

1957இல் ஆஸ்திரேலியரான ஜான் ஃபிலிப்பும் டச்சு இயற்பியலாளர் டேனியல் டி விரீஸும் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். மண்துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடுக்குகளில் நீர் குட்டித் தீவுகளாகத் தங்கியிருக்கும். அவை ஆவியின் வழியை அடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நடப்பதோ வேறு. தீவின் சூடான ஓரத்தில் ஆவி படிந்து நீராகிறது. குளிர்ந்த ஓரத்தில் அதே அளவு நீர் ஆவியாகிப் புறப்படுகிறது. தடை என்று எண்ணியதே குறுக்குவழி! போதாததற்கு, காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாததால், வெப்பநிலை வேறுபாட்டின் பெரும்பங்கு காற்றிடைவெளிகளிலேயே விழுந்து ஆவியை இன்னும் வேகமாகத் தள்ளுகிறது. மண் மிகக் காய்ந்தால் தீவுகள் இல்லை. மிக நனைந்தால் காற்றிடைவெளி இல்லை. பூயூகோஸ் கண்ட உச்சத்துக்கு இதைவிட அழகான விளக்கத்தை நான் படித்ததில்லை.

வெயில் நேரத்தில் மேல்மண்ணின் ஆவி கீழே இறங்குகிறது, மேற்பரப்பு குளிரும் இரவில் மேலே ஏறுகிறது. தரைக்கடியில் புதைத்த மின்கேபிளுக்கு இந்த மாறுதல் கிடையாது. அது சூடாகவே இருப்பதால் எந்நேரமும் ஈரத்தை வெளியே தள்ளியபடி இருக்கிறது. விலகிய ஈரம் நீராகத் திரும்பி வந்துகொண்டிருக்கும்வரை கவலையில்லை. வராவிட்டால் மண் காய்கிறது. காய்ந்த மண்ணில் வெப்பம் சரியாக வெளியேறாது. கேபிள் மேலும் சூடாகி, மண்ணை மேலும் காயவைத்து, கடைசியில் அதன் காப்புறையே கெட்டுப்போகும். அதனால்தான் பல இடங்களில், தோண்டிய மண்ணைக் கேபிளின் மேல் அப்படியே கொட்டாமல், காய்ந்தாலும் வெப்பத்தைக் கடத்தும்படி பல அளவுத் துகள்கள் கலந்த மணலை இட்டு இறுக்குகிறார்கள்.