கையில் ஒன்று: கணக்குப் பொறிகள் கற்ற பாடம்

‘ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, இரண்டை எழுது, கையில் ஒன்று.’ தொடக்க வகுப்புகளில் நாம் நாள்தோறும் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. எளிதாகத் தோன்றும் இந்த ‘ஒன்று’தான், கணக்கிடும் பொறிகளை அமைக்க முயன்ற அறிஞர்க்கெல்லாம் பெருந்தடையாக நின்றது.

சீனரின் மணிச்சட்டத்தை நம் நாட்டார் நன்கு அறிவர். மலாய்மொழியில் அதனைச் செம்போவா என்பர். ஓரிடத்தில் பத்து நிரம்பியதும், அங்குள்ள மணிகளை விலக்கி அடுத்த கம்பியில் ஒரு மணியை ஏற்றுவது மனிதனின் விரலே. சட்டம் எண்ணைக் காட்டுமேயன்றித் தானாகக் கணக்கிடாது.

இடம் மாற்றும் வேலையைப் பொறியே செய்ய வேண்டுமாயின் என் செய்வது? ஜெர்மனியின் டூபிங்கன் நகரப் பேராசிரியர் வில்ஹெல்ம் ஷிக்கார்டு 1623இல் ஒரு வழி கண்டார். வானியலறிஞர் கெப்ளருக்கு அவர் எழுதிய கடிதங்களால் இதனை அறிகிறோம். ஒரு சக்கரம் முழுச்சுற்று முடித்ததும், தனிப்பல் ஒன்று அடுத்த சக்கரத்தை ஒருபடி நகர்த்தும். ஆயின் 99,999 உடன் 1ஐக் கூட்டினால்? முதற்சக்கரத்தைத் திருப்பும் கையே ஆறு சக்கரங்களையும் ஒருசேரத் தள்ளவேண்டும். பளு மிகும், பொறி திணறும்.

இச்சிக்கலைப் பிரான்சு நாட்டு பிலேய்ஸ் பாஸ்கல் தீர்த்தார். வரித்துறைப் பணியிலிருந்த தந்தையாரின் கணக்குச் சுமையைக் குறைக்க எண்ணி, 1642இல், தமது பத்தொன்பதாம் வயதில் அவர் இப்பணியைத் தொடங்கினார். அவருடைய பொறியில் அடுத்தடுத்த சக்கரங்களுக்கிடையே ஒரு சிறு எடை உண்டு. சக்கரம் ஒன்பதை நெருங்க நெருங்க அவ்வெடை உயரும். ஒன்பது சுழியாக மாறும்போது விடுபட்டு விழும். விழும் விசையால் அடுத்த சக்கரம் ஒருபடி நகரும். அதாவது, தள்ளுதற்குரிய ஆற்றலை அந்தந்த இடமே முன்கூட்டிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

ஆயினும் அச்சக்கரங்கள் ஒரு திசையிலேயே சுழலும். கழித்தல் எவ்வாறு? 52இலிருந்து 17ஐக் கழிப்போம். 52, 99 ஆவதற்கு வேண்டுவது 47. அதனுடன் 17ஐக் கூட்ட 64. அது 99 ஆவதற்கு வேண்டுவது 35, அதுவே விடை. ஒவ்வோர் இலக்கமும் ஒன்பதாவதற்கு வேண்டும் எண் பொறியிலேயே பொறிக்கப்பட்டிருந்தமையால், அதனைக் கண்ணால் பார்த்தே அறியலாம். கழித்தலைக் கூட்டலாக்கும் இவ்வுத்தி, இரண்டடிமான எண்களுக்கேற்ப மாறி, இன்றைய கணினிகளிலும் வாழ்கிறது.

இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், அச்சிட்ட கணக்கு அட்டவணைகளில் மலிந்த பிழைகளைப் போக்க விழைந்தவர். 1840களில் அவர் வரைந்த இரண்டாம் வேறுபாட்டுப் பொறி, முதலில் எல்லா இடங்களையும் கூட்டி, எங்கெங்கே ‘ஒன்று’ ஏற வேண்டும் என்று குறித்துக்கொள்ளும். பின்னர் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக ஏற்றும். பாபேஜ் அதனைக் கட்டி முடிக்கவில்லை. இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் அதன் கணக்கிடும் பகுதியை 1991இல் அமைத்து இயக்கிக் காட்டினர். வேறொரு பொறிக்காக, ஏறவேண்டிய ஒன்றுகள் அனைத்தையும் முன்னறிந்து ஒரே நேரத்தில் ஏற்றும் முறையையும் அவர் வகுத்தார். இன்றைய மின்னணுக் கணினிகள் விரைந்து கூட்டுவதற்கும் இத்தகைய முன்னறிதலே துணை.

ஆசிரியர்களாகிய நாம் இதிலிருந்து கொள்ளத்தக்கது யாது? எடை விழுந்தால் சக்கரம் நகரும். ஏன் நகர்ந்தோம் என்று அது அறியாது. 38உம் 27உம் 515 என்று எழுதும் பிள்ளையை நாம் கண்டிருக்கிறோம். ‘கையில் ஒன்று’ என்று ஓதவைத்தால் அப்பிழை மறையும். ஆனால் அறிவு பிறந்துவிட்டது என்று கொள்வதற்கில்லை. பத்து ஈர்க்குகளை ஒரு கட்டாகக் கட்டி அப்பிள்ளையின் கையில் கொடுங்கள். அந்த ‘ஒன்று’ ஒன்றன்று, பத்து என்பது அப்போதுதான் விளங்கும். கணக்கிடும் வேலையைப் பொறிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. பொருளுணர்த்தும் வேலை இன்னும் நம்முடையதே.