பாலம் எழும்புமுன் எழும்பும் மேகங்கள்

பெரியபட்டினத்துக் கரையோடு கிழக்கே போனால் பாம்பன். அங்கே கப்பல் வரும்போது, 72.5 மீட்டர் நீளமும் 660 டன் எடையும் உள்ள ரயில் பாலத் துண்டு, தண்டவாளத்தோடு செங்குத்தாக 17 மீட்டர் ஏறி வழிவிடுகிறது. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தைக் கட்டியது ரயில் விகாஸ் நிகாம். வடிவமைத்தது ஸ்பெயினின் டிப்சா நிறுவனம்.

இப்படிப்பட்ட பாலத்தின் வரைபடம் ஒரே மூச்சில் முடிவதில்லை. தாளின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். முதல் படி என்றால் அதில் ஆர்0. கட்டச் சொன்னவர் குறை எழுதித் திருப்பினால் ஆர்1, பிறகு ஆர்2. மாறிய இடத்தை மட்டும் மேகம்போல் ஒரு சுருள்கோடு வளைத்திருக்கும். அதன் பெயரே திருத்த மேகம். அருகே சிறு முக்கோணத்துக்குள் எத்தனையாவது திருத்தம் என்ற எண். நூறு தாள் இருந்தாலும் மேகத்தைத் தேடினால் போதும்.

நிக்காஹ் பத்திரிகை ப்ரூஃபில் விட்டுப்போன மாமா பெயரைச் சேர்த்தால் ஒரு வரி கீழே இறங்கும், அவ்வளவுதான். தூக்குப்பாலத்தில் அத்தோடு முடியாது. இருபுறக் கோபுரங்களிலும் வடத்தில் தொங்கும் எதிர்எடைகள் பாலத்தின் பாரத்தை ஏறக்குறைய முழுவதும் சமன்செய்கின்றன. மோட்டாருக்கு மிஞ்சுவது உராய்வும் காற்றும் சிறு எடை வித்தியாசமும்தான். ஆகவே பாலத்தில் 10 டன் இரும்பு கூடினால் எதிர்எடையிலும் 10 டன் கூட வேண்டும். கோபுரங்களுக்குக் கூடும் சுமையோ 20 டன்! அவற்றின் கீழே அஸ்திவாரக் கணக்கும் மாறும். பூசும் பெயின்ட்டுக்குக்கூட எடை உண்டு. அதனால் இவ்வகைப் பாலங்களில், கட்டிய பிறகும் எடைக்கட்டிகளைக் கூட்டிக் குறைக்க எதிர்எடைக்குள்ளேயே இடம் விட்டுவைப்பது வழக்கம். கடைசித் திருத்தத்துக்கும் முன்கூட்டியே இடம்! எனக்கு மிகவும் பிடித்த சாமர்த்தியம் இதுதான்.

பாம்பனுக்கான டிப்சாவின் வடிவமைப்பைச் சென்னை ஐ.ஐ.டி. சரிபார்த்தது. பிறகு மும்பை ஐ.ஐ.டி.யும் சரிபார்த்தது. அதன் பிறகே தெற்கு ரயில்வே ஒப்புதல் கொடுத்தது. இத்தனைக்குப் பிறகும், 2024 நவம்பரில் ஆய்வுக்கு வந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர் குறைகளைப் பட்டியலிட்டார். ரயில் ஓட அனுமதித்தார். ஆனால் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது, தூக்குப்பாலத்தின் மேல் 50தான் என்றார்.