சவுக்கடிக்கு எத்தனை நிமிடம்?

மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' (2004) படத்தில் இயேசுவைக் கட்டிவைத்து அடிக்கும் காட்சி கிட்டத்தட்ட பத்து நிமிடம் ஓடுகிறது. பைபிளில் இது எவ்வளவு நீளம் என்று எடுத்துப் பார்த்தேன். மத்தேயு, மாற்கு, யோவான் மூவரும் ஆளுக்கு ஒரு வசனத்தில் முடித்துவிடுகிறார்கள். லூக்காவில் தண்டித்து அனுப்பிவிடுவதாக பிலாத்து சொல்வதோடு சரி, அடித்ததாகவே வரி இல்லை.

அப்படியென்றால் மீதி ரத்தம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஆன் கேத்தரின் எம்மெரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரியிடமிருந்து. அவர் கண்ட காட்சிகளை கவிஞர் பிரென்டானோ எழுதிவைத்து, 1833-ல் புத்தகமாக வந்தது. கிப்சன் அதிலிருந்து நிறைய எடுத்திருக்கிறார். அராமிக், லத்தீன் என்று பேசவிட்டு, நடந்தது நடந்தபடி என்ற தோற்றத்தையும் கொடுத்துவிட்டார்.

தோற்றம்தான். கள்வர்கள் இருவரும் குறுக்குக் கட்டையை மட்டும் சுமக்க, இயேசு மட்டும் முழுச் சிலுவையையும் சுமப்பார். ஓவியங்களில் அப்படித்தானே பார்த்துப் பழகியிருக்கிறோம்! தொல்லியல் தரும் சான்று மிகக் குறைவு. 1968-ல் ஜெருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில் யெஹோஹனான் என்பவரின் குதிகால் எலும்பு கிடைத்தது, 11.5 செ.மீ. ஆணியோடு. கை எலும்புகளில் ஆணி அடித்த தடயம் இல்லை, கையைக் கயிற்றால் கட்டியிருக்கலாம் என்பது 1985-ல் மறுபடி ஆராய்ந்தவர்கள் சொன்னது.

சரி, நம்ம பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் படம் காட்டிய முதல் ஆள் என்று சொல்லப்படும் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே ஊழியர். 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் 2,250 ரூபாய்க்குப் புரொஜக்டரும் படச்சுருள்களும் வாங்கினார். அந்தச் சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. பம்பாயில் பால்கே இதே மாதிரி ஒரு இயேசு படம் பார்த்துத்தான் சினிமா ஆசை வந்து, 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தார். பாடுபடும் ஒருவரைப் பார்த்துவிட்டு, பாடுபடும் இன்னொருவரை எடுத்திருக்கிறார்!

இந்திய இயேசு படங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தெலுங்கு 'கருணாமயுடு' (1978). தமிழிலும் டப் ஆனது. இயக்கியவர் நம்ம பீம்சிங், 'பாசமலர்' எடுத்தவர். படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார். இயேசுவாக நடித்தவர் விஜயசந்தர். (எம்.ஜி.ஆர். இயேசு வேடத்தில் நிற்கும் போட்டோ பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் வரவே இல்லை.)

கிப்சன் அடியை நீட்டினார் என்றால், இங்கே நீள்வது நடை. சிலுவை சுமந்து போகும் வழிக்கு எஸ்.பி.பி. குரலில் ஒரு முழுப் பாட்டு. 'என்னடா இது, இங்கேயும் பாட்டா?' என்று சிரிக்க வேண்டாம். பின்னால் அழுதுகொண்டே வந்த பெண்களைப் பற்றி லூக்கா எழுதியிருக்கிறார். அந்த அழுகையைத்தான் பாட்டு எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு வலித்தது என்பதை விட, யாருக்காக அழுகிறோம் என்பதுதான் அங்கே முக்கியம்.

எங்கள் வேங்கிக்கால் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் விழுந்ததும் ஒப்பாரி ஆரம்பித்துவிடும். இத்தனைக்கும் அவன் வில்லன்! அவனுக்கே அழ ஆள் இருக்கிறது.

அடியையே நீட்டினால் கண் அடிப்பவன் மேல் போய்விடுகிறது, யார் மேல் கோபப்படுவது என்று மனசு தேட ஆரம்பிக்கிறது. கிப்சன் படம் யூதர்கள் மேல் வெறுப்பைத் தூண்டும் என்று பெரிய சர்ச்சை வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். ரத்தப்பழியைக் கூட்டம் தன் மேல் ஏற்றுக்கொள்ளும் மத்தேயு வசனத்துக்கு மட்டும் சப்டைட்டிலை எடுத்துவிட்டார்கள். அராமிக்கில் அது அப்படியே இருக்கிறது.

ஆனால் அதே படத்தில், அடித்து இழுத்துப்போன பிறகு, பிலாத்துவின் மனைவி கொடுத்த துணியால் மரியாள் தரையில் கிடக்கும் ரத்தத்தைத் துடைப்பார். எனக்குக் கண் கலங்கியது அங்கேதான். அதுவும் பைபிளில் கிடையாது, எம்மெரிக் சொன்னதுதான்.