உயிரற்ற கணினியும் அளவை நெறியும்

அளவை நூல் என்பது சமய வாதத்துக்கும் தருக்க மன்றத்துக்கும் மட்டுமே உரியதொரு பழங்கலை என எண்ணுவார் பலர். மெய்யை மெய்யென்றும் பொய்யைப் பொய்யென்றும் பிரித்தறிய வேண்டிய இடமெல்லாம் அதற்குரிய இடமேயாம். மருத்துவன் நோயை ஆராயுமிடத்தும், நீதிபதி சான்றுகளை நிறுக்குமிடத்தும் தொழிற்படுவது அதுவே. இயங்காது கிடக்கும் கணினி ஒன்றன்முன் அமர்ந்து, அஃது ஏன் இயங்கவில்லை என ஆராய்பவனுக்கும் அதனின் வேறாய வழி இல்லை. சிறப்பாக, பழைய கணினிகள் சிலவற்றிலிருந்து கழற்றியெடுத்த உறுப்புகளைக் கூட்டி அமைத்த கணினி உயிர்பெறாதவிடத்து, அளவை நெறி தவறியவன் நல்லுறுப்பைக் குப்பையில் எறிந்து தீயவுறுப்பைக் காத்து வைப்பான். அத்தவறு நேரும் விதத்தையும் அதனைத் தவிர்க்கும் முறையையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது சிறுபொருள் என்று ஒதுக்கத்தக்கதன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த இலங்கை நாணயத்தின் பெறுமதி, அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 360 ரூபாவாக வீழ்ந்தது. இறக்குமதிப் பொருளாகிய கணினி, எளிய பாடசாலைகளுக்கு எட்டாத பொருளாயிற்று. அறையின் மூலையில் பழுதுற்றுக் கிடக்கும் மூன்று கணினிகளிலிருந்து ஒன்றையேனும் ஆக்கிக்கொள்ளுதல் அத்தகைய பாடசாலைக்குப் பெரும்பேறாகும். அந்நிலையில் நல்ல தாய்ப்பலகை ஒன்றைத் தீயதெனத் தீர்ப்பிட்டு எறிதல், ஒரு வகுப்பின் கல்வியை எறிதலேயாம். எறியப்படும் பலகை மண்ணுக்கும் நல்லதன்று. ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது 2006ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி முதலேயாம். அதற்கு முற்பட்ட பலகைகளின் பற்றாசு பெரும்பாலும் ஈயங் கலந்தது. சுண்ணக்கல் நிலத்தடி நீரையே நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதன் விளைவைக் கூறவும் வேண்டுமோ?

மூவகை அளவை

அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார், அளவைகள் பத்தென்பார் கூற்றை எடுத்துக்காட்டி, அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றினுள் அடங்கும் எனத் துணிகின்றது. பொறிகளால் நேரே அறிதல் காட்சி. அறிந்த ஏதுவைக்கொண்டு அறியாததனை உய்த்துணர்தல் கருதல். நம்புதற்குரியாரின் மொழி உரை. கணினியை ஆராய்பவனுக்கும் இம்மூன்றுமே கருவிகள். ஆயின் மூன்றிலும் வழுக்கள் உண்டு.

காட்சியின் வழுக்கள் ஐயமும் திரிபும் ஆகும். குற்றியோ மகனோ என மயங்குதல் ஐயம். கயிற்றைப் பாம்பெனக் காணுதல் திரிபு. ஆளியை அழுத்தியவுடன் விசிறி சுழலக் கண்டு, “மின் வருகின்றது, ஆகவே பவர் சப்ளை நன்று” எனத் துணிதல் திரிபுக்காட்சிக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பவர் சப்ளை என வழங்கும் மின்வலு வழங்கி 12, 5, 3.3 வோல்ற்று ஆகிய அழுத்தங்களைத் தனித்தனியே வழங்குவது. விசிறிக்கு வேண்டியது 12 வோல்ற்று மட்டுமே. ஏனையவை குன்றினும் விசிறி சுழலும். அன்றியும், முறைவழியாக்கிக்கென 4 அல்லது 8 ஊசிகொண்ட தனிச்செருகி ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் பென்றியம் 4 வெளிவந்த காலந்தொட்டு வழக்கில் வந்த அச்செருகியைப் பொருத்த மறந்தாலும், விசிறிகள் இனிது சுழல, திரை இருண்டே கிடக்கும். விசிறி சுழல்வது விசிறி சுழல்கின்றது என்பதற்கு மட்டுமே சான்றாகும்.

உரையின் வழு இன்னும் நுண்ணியது. “கழற்றும்போது இயங்கிக்கொண்டிருந்த உறுப்பு” என்னும் சொல், சொன்னவர் நல்லவராயினும், கழற்றிய நாளுக்கே சான்றாகும். அந்நாளுக்கும் இந்நாளுக்கும் இடையே மாரிக்கால ஈரமும் கடற்காற்றின் உப்பும் பொன்முலாம் பூசிய தொடுமுனைகளைக் கெடுத்திருக்கலாம். குதையின் நுண்ணிய ஊசி ஒன்று வளைந்திருக்கலாம். பெட்டியினுள் பல்லி முட்டையிட்டிருக்கலாம். ஆகலின் இரவலுறுப்பைப் பற்றிய உரை, காட்சியால் உறுதிப்படும்வரை ஐயத்துக்குரியதே.

பல குற்றங்கள் கூடுமிடம்

நேற்றுவரை இயங்கி இன்று நின்ற கணினிக்கும், ஒருபோதும் ஒன்றாய் இயங்கியிராத உறுப்புகளாலாய கணினிக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. முன்னையதில் கெட்டது ஒன்றே எனக் கொள்ளுதல் பெரும்பாலும் பொருந்தும். பின்னையதில் அங்ஙனம் கொள்ளுதற்கு ஏது இல்லை. உறுப்பே கெட்டிருத்தல், உறுப்புகள் தனித்தனி நல்லனவாயினும் ஒன்றோடொன்று பொருந்தாமை, கூட்டியவர் கைப்பிழை என்னும் மூவகைக் குற்றங்களும் அங்கே ஒருங்கே இருத்தல் கூடும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒருவர் முதலாம் கணினியின் பெட்டியையும் வழங்கியையும், இரண்டாவதன் தாய்ப்பலகையையும் முறைவழியாக்கியையும், மூன்றாவதன் நினைவகத்தையும் கூட்டி அமைக்கின்றார் எனக் கொள்க. பெட்டியில் பழைய பலகையைத் தாங்கிய பித்தளைத் திருகுகளுள் ஒன்று, புதிய பலகையின் துளைக்கு நேரே அமையாது, அதன் அடிப்புறத்தைத் தொட்டு மின்னைக் குறுக்கே கடத்துகின்றது. நினைவகமும் கெட்டுள்ளது. ஆளியை அழுத்தினால் விசிறி ஒரு கணம் அசைந்து நிற்கின்றது.

அவர் முதலில் வேறொரு நல்ல நினைவகத்தை இடுகின்றார். திருகின் குற்றம் நீங்காமையால் பயனில்லை. “நினைவகம் குற்றமற்றது” என முடிவுசெய்து பழையதையே திரும்ப இடுகின்றார். பின்னர்ப் பலகையைப் பெட்டிக்கு வெளியே எடுத்து இயக்குகின்றார். கெட்ட நினைவகம் உள்ளே இருத்தலால் திரை அப்போதும் இருண்டே உள்ளது. “பெட்டியும் குற்றமற்றது” என்கின்றார். எஞ்சியது தாய்ப்பலகை, அது குப்பைக்குச் செல்கின்றது. அவர் செய்த பரிசோதனைகள் இரண்டும் முறையானவை. முடிவுகளோ இரண்டும் பொய். குற்றம் ஒன்றே என்னும் சொல்லாத எண்ணமே அவரைக் கெடுத்தது.

இன்னொன்றும் காண்க. பலகை பெட்டிக்கு வெளியே வந்தபோது விசிறி நில்லாது சுழன்றிருக்கும். அம்மாற்றமே ஒரு குற்றம் நீங்கியதற்கு அடையாளம். திரையை மட்டும் நோக்கியிருந்தவர் அதனைக் காணத் தவறினார். ஆகவே ஒவ்வொரு மாற்றத்தின் பின்பும் கண்டதனை எல்லாம் எழுதி வைத்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டு செப்தெம்பர் 9ஆந் திகதி, ஹாவாட் பல்கலைக்கழகத்தில் பரிசோதிக்கப்பட்ட மார்க் 2 கணினியின் மின்தொடுகைகளுக்கிடையே விட்டிற்பூச்சி ஒன்றைக் கண்டோர், அதனைக் குறிப்பேட்டிலேயே ஒட்டி நேரத்தையும் எழுதி வைத்தனர். அவ்வேடு சிமித்சோனியன் அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றது. குறிப்பேடின்றிக் குற்றம் நாடுதல் அக்காலத்தும் நெறியாகக் கொள்ளப்பட்டிலது.

சிறிதிலிருந்து பெரிது

பல குற்றங்கள் கூடியிருக்கத்தக்க இடத்து, முழுமையிலிருந்து ஒவ்வொன்றாய் நீக்கிப் பார்த்தல் நெறியன்று. ஒன்றுமில்லா நிலையிலிருந்து ஒவ்வொன்றாய்ச் சேர்த்துவருதலே நெறி. ஒவ்வொரு படியிலும் முன்னது நிறுவப்பட்டபின்னரே பின்னது சேர்க்கப்படும்.

முதற்படி மின்வலு வழங்கி. தீய வழங்கி நல்ல பலகையையும் கொல்லுமாதலின், இதனை முதலில் தனியே ஆராய்தல் வேண்டும். கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து அன்பர் அனுப்பிய பெட்டியாயின், வழங்கியின் பின்புறத்தில் 115, 230 எனக் குறித்த சிறு ஆளி உளதாவெனப் பார்க்க. அஃது 115இல் இருக்க இலங்கையின் 230 வோல்ற்று மின்னைச் செலுத்தின் வழங்கி அக்கணமே அழியும். வழங்கியின் உறையை மட்டும் எக்காரணங்கொண்டும் திறத்தலாகாது. அதனுள் உள்ள கொள்ளளவிகள் 325 வோல்ற்றுவரை மின்னேற்றம் கொள்வன. செருகியைப் பிடுங்கிய பின்பும் சிறிதுநேரம் உயிருக்கு இறுதி பயக்கும் ஆற்றலுடையன. பலகையோடு தொடுக்காத நிலையில், பெரிய செருகியின் பச்சை வயரையும் கறுப்பு வயர் ஒன்றையும் சிறு கம்பியால் இணைத்து வழங்கியை இயக்கிப் பல்மானியால் அளத்தல் வேண்டும். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும், செம்மஞ்சளில் 3.14 முதல் 3.46 வரையும் வோல்ற்று காணப்படின் முதற்சோதனையில் அது தேறியதாகும். சுமையின்றி நன்றாய் நின்று சுமை ஏறியவிடத்து வீழும் வழங்கிகளும் உள. ஆகவே இத்தேர்ச்சி முடிந்த முடிபன்று.

இரண்டாம்படி தாய்ப்பலகை. அதனைப் பெட்டியில் இடாது, உலர்ந்த மரப்பலகை அல்லது கடதாசி அட்டையின்மேல் வைத்துக் கண்ணால் நோக்குக. 2000ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் ஆக்கப்பட்ட பலகைகள் பலவற்றில் இழிந்த கொள்ளளவிகள் இடம்பெற்றிருந்தன. தலை பருத்தோ கபில நிறக் கசிவுடனோ காணப்படும் கொள்ளளவி நோயுற்றது. பின்னர் முறைவழியாக்கியையும் அதன் விசிறியையும், சிறிய ஒலிபெருக்கி ஒன்றையும் மட்டும் பொருத்தி, பெரிய செருகி, தனிச்செருகி இரண்டையும் இணைத்து, ஆளிக்குரிய இரு ஊசிகளையும் திருகாணிச் செலுத்தியால் ஒருகணம் தொடுக. நினைவகம் இல்லாமையை முறையிடும் ஒலி எழுமாயின் பலகையும் முறைவழியாக்கியும் உயிருள்ளன என்பது பெறப்படும். முறையீடு இங்கு நற்செய்தி, மௌனமே தீயகுறி.

மௌனமாயிருப்பினும் உடனே சாவோலை எழுதலாகாது. 3 வோல்ற்று நாணய வடிவ மின்கலத்தை மாற்றி, பழைய அமைப்புகளை அழித்துப் பார்க்க வேண்டும். பலகையும் முறைவழியாக்கியும் பொருந்துவனவா என்பதனை ஆக்கியோரின் கைந்நூலில் காண வேண்டும். 2012இல் வந்த இன்ரெல் முறைவழியாக்கிகள் 2011ஆம் ஆண்டுப் பலகைகள் பலவற்றின் குதையில் இனிது அமரும். எனினும் பலகையின் பயோஸ் பழையதாயின் அவற்றை அறிந்துகொள்ளாது. இங்கே கெட்டது எதுவுமில்லை. அறிமுகம் இல்லாமையே குற்றம்.

மூன்றாம்படி நினைவகம். டீடீஆர் 2, டீடீஆர் 3 என்னும் இருவகையும் 240 தொடுமுனைகள் உடையன, பார்வைக்கு ஒத்தவை. ஆயின் வெட்டின் இடம் வேறு. வேண்டும் அழுத்தமும் முறையே 1.8, 1.5 வோல்ற்று என வேறு. வலிந்து புகுத்தின் இரண்டும் கெடும். ஒரேயொரு துண்டை மட்டும், தொடுமுனைகளை மென்மையான அழிறப்பரால் துடைத்து, ஒவ்வொரு செருகுவாயிலும் மாறி மாறி இட்டு நோக்குக. எழும் ஒலியின் பொருளை அப்பலகைக்குரிய அட்டவணையிலேயே காண்க. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்தின் பழைய பயோஸில் மூன்று குற்றொலிகள் நினைவகக் குறையைக் குறிக்கும்; அவார்ட் பயோஸில் ஒரு நெட்டொலியும் இரு குற்றொலிகளும் படக்குறையைக் குறிக்கும். ஒன்றன் உரையை மற்றொன்றுக்கு ஏற்றுதல் தவறாகும்.

நான்காம்படி திரை. வீஜீஏ காட் எனப்படும் படவட்டையைப் பொருத்தியபின் திரையின் வயரைத் தாய்ப்பலகையின் வாயிலில் செருகுவோர் பலர். அட்டையின் வாயிலே அதற்குரியது. இவை தேறிய பின்னரே விசைப்பலகை, வன்தட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாய்ச் சேர்த்து, இறுதியில் பித்தளைத் திருகுகளை எண்ணிச் சரிபார்த்துப் பலகையைப் பெட்டியில் ஏற்றுதல் வேண்டும்.

தீர்ப்புக் கூறுமிடம்

கருதல் அளவையில் புகையைக்கொண்டு நெருப்பை அறிபவர், புகையும் நெருப்பும் கூடியிருக்கும் அடுக்களையைச் சபக்கமாகவும், இரண்டும் இல்லாத நீர்மடுவை விபக்கமாகவும் காட்டுவர். ஓருறுப்பைக் கெட்டதெனத் தீர்க்குமிடத்தும் இவ்விரு முகமும் வேண்டும். ஐயத்துக்குரிய நினைவகத்தை அதற்கேற்ற நல்ல கணினியில் இட்டால் அது நின்றுவிட வேண்டும். நல்ல நினைவகத்தை ஐயத்துக்குரிய கணினியில் இட்டால் இது எழவேண்டும். இரண்டும் நிகழ்ந்தால் மட்டுமே தீர்ப்பு உறுதியாம். ஒன்று மட்டும் நிகழின், இன்னுமொரு குற்றம் எங்கோ ஒளிந்துள்ளது என அறிக. ஐயத்துக்குரிய வழங்கியை மட்டும் இவ்வாறு நல்ல கணினியில் சோதித்தல் ஆகாது.

இவையனைத்தும் செய்தபின்பும் எழாத உறுப்பு உண்டு. அதன்மேல் “கெட்டது” என்றும், எவ்வாறு அறியப்பட்டது என்றும், எந்நாளில் என்றும் எழுதி ஒட்டி, வேறாய் வைத்து, மின்னணுக் கழிவாக ஒப்படைத்தலே முறை. எழுத்தின்றி மீண்டும் குவியலில் இடப்படும் கெட்ட உறுப்பு, அடுத்த ஆண்டு மற்றொருவனை ஏமாற்றக் காத்திருக்கும்.

இறந்தது என்று சொல்லுதல் எவர்க்கும் எளிது. இறந்தது என நிறுவுதல் அரிது. அங்ஙனம் நிறுவ முயல்வோர், உயிருள்ள உறுப்புகள் பலவற்றை இடைவழியில் கண்டுகொள்வர். மேசையைச் சூழ்ந்து நிற்கும் மாணவர், ஒன்றை மாற்றி, கண்டதை எழுதி, பின்னர் அடுத்ததற்குச் செல்லும் ஒழுங்கை நேரிற் கற்பாராயின், அக்கணினி எழாது போயினும் அந்நாட் பாடம் வீணாகாது. எழுமாயின், அளவை நூல் ஏட்டிலன்றிக் கையிலும் வாழ்வது என்பதற்கு அதன் ஒளிரும் திரையே சான்றாகும்.